நல்ல பல் எவ்வளவு மிச்சம்? சொத்தையைச் சரிசெய்யப் போகிறவர்களுக்கு

என் வாயில் இடது பக்கம் கீழே ஒரு கடைவாய்ப் பல் இருக்கிறது. பல் டாக்டர்கள் சீட்டில் அதை 36 என்று எழுதுவார்கள். ஆறு வயது வாக்கில் முளைக்கும் பல் அது. எந்தப் பால் பல்லும் விழாமல் பின்னால் சத்தமில்லாமல் முளைப்பதால் வீட்டில் அதையும் பால் பல் கணக்கில் சேர்த்து, 'விழுந்து முளைச்சிடும், விடு' என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த ஒரே பல்லில் பள்ளிக்கூடக் காலத்தில் சின்ன அடைப்பு, வேலைக்குப் போன புதிதில் பெரிய அடைப்பு, முப்பதைத் தாண்டியதும் உள்ளே கெட்ட நரம்பை எடுக்கும் ரூட் கெனால், அப்புறம் பல்லை முழுக்க மூடும் கேப் என்று எல்லாம் நடந்துவிட்டது. நான் டாக்டர் இல்லை. அந்தச் சாய்வு நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு நிறைய நேரம் கிடந்தவன், அவ்வளவுதான்.

சொத்தை என்று போனால் எல்லாரும் முதலில் கேட்பது எதை வைத்து அடைப்பீர்கள், எவ்வளவு ஆகும் என்று. நானும் அதைத்தான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: சொத்தையைச் சுரண்டி எடுத்த பிறகு நல்ல பல் எவ்வளவு மிஞ்சும்? அடைத்தால் போதுமா, கேப் வேண்டுமா, பிடுங்கித்தான் ஆக வேண்டுமா என்பதையெல்லாம் அந்த மிச்சம்தான் முடிவு செய்கிறது. ஒவ்வொரு தடவை கை வைக்கும்போதும் கொஞ்சம் பல் போகும், போனது திரும்ப வளராது. கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு கணக்கைச் சுற்றித்தான்.

போகும் முன் வலியைக் கவனியுங்கள்

பல்லின் மேலே இருக்கும் எனாமல் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள், அதில் நரம்பு கிடையாது. அதனால் சொத்தை எனாமலோடு நிற்கும்வரை ஒன்றுமே தெரியாது. வலிக்கவில்லையே என்று தள்ளிப்போடுவதில் உள்ள சிக்கல் இதுதான், வலி வரும்போது சொத்தை பாதி தூரம் போயிருக்கும். சொத்தையில் பூச்சி இருக்கிறது என்று பாட்டிகள் கண்டங்கத்திரி விதைப் புகை பிடிக்கச் சொல்வார்கள். பூச்சி எதுவும் இல்லை. வாயில் இருக்கும் கிருமிகள் நாம் தின்னும் இனிப்பையும் மாவையும் அமிலமாக்குகின்றன, பிஎச் அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் (பிஎச் இறங்க இறங்க அமிலம் அதிகம்) எனாமல் கரையத் தொடங்குகிறது, எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. ஒரே தடவையில் நாலு லட்டு தின்பதைவிட நாள் முழுக்க அரை மணிக்கு ஒரு தடவை இனிப்பு டீ உறிஞ்சுவது ஏன் மோசம் என்பது இதிலிருந்தே புரியும்.

முதல் கட்டத்தில் பல்லில் சுண்ணாம்பு பூசினாற்போல ஒரு வெள்ளைத் திட்டு தெரியும். குழி விழுந்திருக்காது. இந்தக் கட்டத்தில் டிரில் தேவையே இல்லை. ஃபுளோரைடு உள்ள பேஸ்ட், டாக்டர் தடவும் ஃபுளோரைடு வார்னிஷ், தின்னும் முறையில் கொஞ்சம் மாற்றம், இவ்வளவு செய்தாலே திட்டு மறுபடி கெட்டிப்படும் வாய்ப்பு உண்டு.

சொத்தை அடுத்த அடுக்கான டென்டினுக்குள் இறங்கினால் ஐஸ் தண்ணீருக்கும் இனிப்புக்கும் சுருக்கென்று கூசும், தண்ணீரை விழுங்கிய சில நொடிகளில் அடங்கிவிடும். இது அடைப்போடு முடிகிற நிலை. உடனே போங்கள், அடுத்த மாதம் வேண்டாம். தண்ணீர் போன பிறகும் வலி நிமிடக்கணக்கில் நின்று குடைந்தால், சூடான காபிக்கு வலித்தால், ராத்திரி படுத்ததும் விண் விண்ணென்று தெறித்தால், எந்தப் பல் என்று விரல் வைத்துக் காட்டவே முடியாமல் போனால், உள்ளே இருக்கும் நரம்பு மீள முடியாமல் வீங்கிவிட்டது என்றே பெரும்பாலும் பொருள். அப்புறம் ஒரு விஷயம், இது என்னை நன்றாக ஏமாற்றியது: வாரக்கணக்கில் வலித்த பல் ஒருநாள் திடீரென்று அமைதியாகிவிடும். சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். நரம்பு செத்துப்போயிருந்தது. கொஞ்ச நாளில் ஈறில் சின்னக் கொப்புளம் வந்து சீழ் கசிந்தது.

கடிக்கும்போது வலிக்காமல் கடியை விடும்போது மின்னல்போல வெட்டினால் விரிசலாக இருக்கலாம், அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கன்னம் வீங்கி, காய்ச்சலும் சேர்ந்து, வாயைத் திறக்கவோ எச்சில் விழுங்கவோ கஷ்டமாக இருந்தால் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள், ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொண்டு சமாளிப்பது நம் ஊர் வழக்கம். செத்த நரம்புக்குள் ரத்த ஓட்டம் இல்லை, மாத்திரை அங்கே போய்ச் சேராது, வீக்கம் வடிந்து மறுபடி வரும். கிராம்பு கொஞ்சம் மரக்கச் செய்யும் என்பது நிஜம், அதிலுள்ள யூஜெனால்தான் காரணம், பல் ஆஸ்பத்திரி வாசனை என்று நமக்குப் பழகியதும் அதே சரக்கின் வாசனைதான். ஆனால் கிராம்புத் தைலத்தை அப்படியே ஈறில் ஊற்றினால் வெந்துவிடும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் அடக்கிக்கொள்வதும் அப்படியே.

அடைப்பு

எக்ஸ்ரே எடுக்காமல் கடைவாய்ப் பல்லை அடைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டு பற்கள் தொட்டுக்கொள்ளும் இடுக்கில் பிடிக்கும் சொத்தை கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தப்பிவிடும், படத்தில்தான் தெரியும். நரம்புக்கும் சொத்தைக்கும் எவ்வளவு இடைவெளி என்பதும் அதில்தான் தெரியும்.

இன்று பெரும்பாலான கிளினிக்கில் இரண்டே சரக்குதான். ஒன்று கிளாஸ் அயனோமர், டாக்டர்கள் ஜிஐசி என்பார்கள். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் உருவானது. பல்லோடு தானே ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் கொஞ்சமாக ஃபுளோரைடு விடும், ஈரம் முழுக்கக் காயாத இடத்திலும் சமாளிக்கும். ஈறோரத்துக் குழிகள், குழந்தைகளின் பால் பற்கள், வாயை அதிக நேரம் திறக்க முடியாத வயதானவர்கள், இவர்களுக்குச் சரியான சாய்ஸ். ஆனால் முறுக்கும் வேர்க்கடலையும் அரைபடுகிற இடத்தில் சீக்கிரம் தேய்ந்துவிடும். என் பள்ளிக்கூடத்து அடைப்பு அப்படித்தான் போனது.

இன்னொன்று காம்போசிட், பல் நிறத்தில் இருப்பது, நீல விளக்கு காட்டி இறுக வைப்பது. இதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதன் ஆயுள் பெரும்பாலும் போடுகிறவர் கையில்தான் இருக்கிறது. முதலில் பாஸ்பாரிக் அமில ஜெல் தடவிக் கழுவுவார்கள், பெரும்பாலும் 37 சதவீதம். எனாமலில் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு உண்டாகி, அதற்குள் பிசின் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. அமிலத்தால் பிடிமானம் கிடைக்கும் என்று 1955இல் மைக்கேல் பூனோகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் காட்டினார், இன்றைக்கும் வேலை நடப்பது அதே யோசனையில்தான். இந்த நேரத்தில் எச்சில் ஒரு துளி பட்டாலும் பிடிமானம் கெட்டது. அதனால் பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் கட்டி வேலை செய்கிற டாக்டர் கிடைத்தால் விடாதீர்கள். பஞ்சு வைத்துச் செய்தாலும் அடிக்கடி மாற்றுகிறாரா என்று பாருங்கள். அப்புறம் சரக்கை மொத்தமாகத் திணிக்காமல் சுமார் 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து ஒவ்வொன்றுக்கும் விளக்கு காட்ட வேண்டும், ஒரே தடவையில் ஆழமாக வைப்பதற்கென்றே தனி வகையும் இப்போது வந்திருக்கிறது. ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தால் நான் சந்தேகப்படுவேன்.

ஆழமான குழியில் நரம்புக்குப் பக்கத்தில் கொஞ்சம் மெத்தென்ற சொத்தையை விட்டே மூடுகிறேன் என்று டாக்டர் சொன்னால் பயப்பட வேண்டாம். முழுக்கச் சுரண்டப் போய் நரம்பைத் திறந்துவிடுவதைவிட, ஓரங்களைச் சுத்தமாக எடுத்துக் காற்றுப் புகாமல் அடைப்பது இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. அடியில் கால்சியம் கலந்த மருந்து வைத்து மூடுவதும் உண்டு.

கடைசியில் நீலமோ சிவப்போ ஒரு தாளைக் கடிக்கச் சொல்வார்கள். பாதி வாய் மரத்துக் கிடக்கும்போது நாம் கடிக்கிற கடி நம்முடைய உண்மையான கடி இல்லை. மறுநாள் இட்லி தின்னும்போதே அந்தப் பல் முதலில் முட்டினால், கூச்சப்படாமல் திரும்பப் போய்த் தேய்த்துக்கொண்டு வாருங்கள். இரண்டு நிமிட வேலை. பழகிவிடும் என்று விட்டால் பல் வலிக்க ஆரம்பித்து, அடைப்புதான் சரியில்லை என்று பழி போடுவோம்.

பழைய வெள்ளி அடைப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. அதில் பாதிக்குப் பாதி பாதரசம், ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் புதிதாகப் போடுவதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. அதற்காக நன்றாக இருக்கும் பழைய அடைப்பைத் தோண்டி எடுக்காதீர்கள். தோண்டும்போதுதான் பாதரச ஆவி அதிகம் வரும், கூடவே நல்ல பல்லும் கொஞ்சம் போகும்.

அடைப்பு போதாத இடம்

கடைவாய்ப் பல்லின் மேலே முகடு முகடாக இருக்கும் அல்லவா, எதிரெதிர் முகடுகளுக்கு இடையே உள்ள தூரத்தில் பாதிக்கு மேல் குழி அகன்றுவிட்டால் மிஞ்சியவை மெல்லிய சுவர்கள்தான். அதற்குள் அடைத்தால் ஒவ்வொரு கடியும் சுவரை வெளியே தள்ளும், ஒருநாள் சீடை கடிக்கும்போது படக்கென்று போகும். இந்த நிலைக்கு ஆன்லே என்று ஒன்று உண்டு. பலவீனமான முகடுகளை மட்டும் மூடுகிற பாதி மூடி, வெளியே செய்து வந்து ஒட்டுவது. கேப்பைவிட மிகக் குறைவாகப் பல்லைத் தேய்த்தால் போதும். நம் ஊர்ச் சின்ன கிளினிக்குகளில் பெரும்பாலும் அடைப்பு, இல்லாவிட்டால் நேராகக் கேப் என்றே பேச்சு போகும். 'ஆன்லே போட முடியுமா டாக்டர்' என்று நாமே கேட்டுப் பார்க்கலாம். முடியாது என்றால் ஏன் என்று அவர் சொல்வார், அந்த ஏன் முக்கியம்.

ரூட் கெனால்

இந்தப் பெயரைக் கேட்டாலே பாதிப் பேர் பிடுங்கிடுங்க என்று சொல்லிவிடுகிறார்கள். வலி ரூட் கெனாலுக்கு முன்னால் இருப்பது. மரக்க ஊசி வேலை செய்துவிட்டால் உள்ளே நடப்பது அலுப்பான சமாச்சாரம், நான் ஒரு தடவை தூங்கியே போனேன். ரொம்ப வீங்கிய பல்லில் சில சமயம் ஊசி சரியாக ஏறாது, அப்போது கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லி இன்னொரு ஊசி கேளுங்கள். பொறுத்துக்கொள்வது வீரம் இல்லை.

செய்வது இதுதான்: மேலே துளை போட்டு, கெட்ட நரம்பை எடுத்து, வேருக்குள் போகும் கால்வாய்களை ஃபைல் என்ற மெல்லிய அரங்களால் அகலப்படுத்தி, சோடியம் ஹைபோகுளோரைட் விட்டுக் கழுவி, காயவைத்து அடைப்பார்கள். அந்த ஹைபோகுளோரைட் நம் வீட்டுக் கழிப்பறை பிளீச்சின் உறவுக்காரச் சரக்குதான், அதனால் இங்கேயும் ரப்பர் ஷீட் அவசியம். அடைக்கும் இளஞ்சிவப்புக் குச்சிக்கு கட்டாபெர்ச்சா என்று பெயர், மலாய்க் காட்டு மரம் ஒன்றின் பால். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் போட்டதும் ஒரு காலத்தில் இதே பால்தான். மேல் தாடையின் முதல் கடைவாய்ப் பல்லில் மூன்று வேர் இருந்தாலும் கால்வாய் பெரும்பாலும் நான்கு இருக்கும், நான்காவது ஒளிந்துகொண்டு தப்பிவிடுவது வழக்கம். 'எத்தனை கெனால் கிடைத்தது டாக்டர்' என்று கேளுங்கள், முடிந்தபின் எடுத்த எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளைக் கோடு வேர் நுனிக்குச் சற்று முன்வரை இடைவெளி இல்லாமல் போயிருந்தால் நல்லது. ஒரே உட்காரலில் முடித்தாலும் இரண்டு மூன்று தடவை வரச் சொன்னாலும் இரண்டும் சரிதான்.

தப்பு பெரும்பாலும் நம் பக்கம். முதல் தடவையே வலி போய்விடும், அத்தோடு பாதிப் பேர் திரும்பப் போக மாட்டார்கள். உள்ளே தற்காலிக அடைப்புதான் இருக்கும், சில வாரங்களில் கசிந்து கிருமி மறுபடி குடியேறும். நான் ரூட் கெனாலை முடித்தேன், கேப்பை எட்டு மாதம் தள்ளிப்போட்டேன். வலியில்லாத பல்லுக்கு எதற்குச் செலவு என்று நினைப்பு. ஒரு சாயங்காலம் தட்டை கடித்தபோது உள்பக்கச் சுவர் அப்படியே பெயர்ந்து நாக்கில் வந்து விழுந்தது. ஈறுக்கு மேலேயே உடைந்ததால் பல் தப்பியது. வேர்வரை பிளந்திருந்தால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

கேப் போடும் முன் ஒரு அளவு

ஈறுக்கு மேலே பல்லைச் சுற்றிலும் நல்ல பல் சுமார் 2 மில்லிமீட்டராவது நிற்கிறதா? கேப் நிற்பதும் விழுவதும் இதைப் பொறுத்தது. பீப்பாயை இரும்பு வளையம் பிடிப்பதுபோல, கேப்பின் விளிம்பு உண்மையான பல்லைப் பிடிக்க வேண்டும். அந்த உயரம் இல்லாமல் வேருக்குள் போஸ்ட் என்ற குச்சியை இறக்கி மேலே சரக்கை வைத்துக் கட்டினால் கொஞ்ச நாளில் கேப்பும் போஸ்டும் சேர்ந்தே கழன்று வரும். போஸ்ட் பல்லுக்குப் பலம் தருவதில்லை, மேலே வைக்கும் சரக்குக்குப் பிடிமானம் தருகிறது, அவ்வளவுதான். 2 மில்லிமீட்டர் இல்லையென்றால் ஈறைச் சற்று இறக்கியோ பல்லை மெல்ல வெளியே இழுத்தோ பார்க்கலாம், அதுவும் முடியாது என்றால் பிடுங்குவது பற்றி நேர்மையாகப் பேசுங்கள்.

எல்லா ரூட் கெனால் பல்லுக்கும் கேப் தேவையில்லை. பெரிதாக உடையாத முன்பல்லில் துளையைக் காம்போசிட்டால் மூடினாலே போதும். கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் முகடுகளை மூடி ஏதாவது வேண்டும்.

சரக்கு என்று வந்தால், சிர்கோனியா என்ற பீங்கான் வகை உறுதியானது, கடைவாய்க்கு ஏற்றது. முன்பல்லுக்கு லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடி போன்ற பீங்கான் இன்னும் இயல்பாக இருக்கும், ஒளி உள்ளே ஊடுருவுவதால். உள்ளே உலோகமும் வெளியே பீங்கானும் உள்ள பழைய வகை விலை குறைவு, ஆனால் வருடங்கள் போனால் ஈறோரம் கறுப்புக் கோடு தெரியும், பீங்கான் சில்லு பெயரலாம். யாரும் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன்: கடைசிக் கடைவாய்ப் பல்லுக்கு வெறும் உலோகக் கேப் அருமையானது. மெல்லியதாகவே உறுதியாக இருப்பதால் பல்லைக் குறைவாகத் தேய்த்தால் போதும், சிரித்தாலும் யாருக்கும் தெரியாது. நல்ல பல் மிச்சம் என்ற கணக்கில் அது ஜெயிக்கும்.

பத்து வருட வாரன்ட்டி, பதினைந்து வருட வாரன்ட்டி என்று அட்டை தருவார்கள். அது பெரும்பாலும் கேப் உடைவதற்கு மட்டும். கேப்புக்கு அடியில் ஓரத்தில் உங்கள் பல் சொத்தையானால் அட்டை ஒன்றும் செய்யாது, கேப் போட்ட பற்கள் பெரும்பாலும் கெடுவது அந்த ஓரத்தில்தான். ராத்திரி ஃபிளாஸ் நூலையோ சின்ன இடுக்குப் பிரஷ்ஷையோ விட்டு ஓரத்தைச் சுத்தம் செய்யுங்கள். ஒட்டும் முன்பே கடியையும் பக்கத்துப் பல்லோடு இடைவெளியையும் பாருங்கள், முருங்கைக்காய் நார் சிக்கும் இடைவெளி இருந்தால் அப்போதே சொல்லிவிட வேண்டும், சிமென்ட் வைத்த பிறகு சொல்லிப் பயனில்லை.

உடைந்தால், விழுந்தால்

முன்பல் முனை உடைந்தால் துண்டைத் தேடி எடுத்துத் தண்ணீரில் போட்டுக் கொண்டுபோங்கள், பல சமயம் அதையே ஒட்ட முடியும். உடைந்த இடத்தின் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் நரம்பு திறந்திருக்கிறது, அன்றைக்கே போக வேண்டும். நிரந்தரப் பல் முழுசாக விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் மேல் பகுதியைப் பிடித்து எடுத்து, மண் இருந்தால் ஓரிரு நொடி மட்டும் தண்ணீரில் அலசி, தேய்க்காமல் அதே குழியில் வைத்து ஒரு கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு ஓடுங்கள். வைக்க முடியாவிட்டால் பாலில் போடுங்கள், தண்ணீரில் வேண்டாம். அரை மணிக்குள் போனால் வாய்ப்பு அதிகம், ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் குறைந்துகொண்டே போகும். பால் பல்லை மட்டும் திரும்ப வைக்கக் கூடாது, கீழே இருக்கும் நிரந்தரப் பல்லுக்குக் கெடுதல்.

பால் பல் எப்படியும் விழும் என்று சொத்தையை விடுவதும் தப்பு. சீக்கிரம் போனால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடத்தை அடைத்துவிடும். டிரில்லுக்கு அலறும் குழந்தைக்கு ஆயத்தமாகக் கிடைக்கும் ஸ்டீல் கேப்பை ஊசியில்லாமலேயே மாட்டிவிட முடியும். 38 சதவீத வெள்ளி டயமின் ஃபுளோரைடு தடவியும் சொத்தையை நிறுத்தலாம், ஆனால் அந்த இடம் கரிக்கறுப்பாகிவிடும், முன்கூட்டியே தெரிந்துகொண்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றால், மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற பேச்சைக் காதில் வாங்காதீர்கள், இரண்டுக்கும் நரம்புத் தொடர்பு அப்படி இல்லை. பிடுங்கிய இடத்தை வருடக்கணக்கில் சும்மா விட்டால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் இறங்கும். பிரிட்ஜ் என்றால், அதாவது பக்கத்துப் பற்களில் கேப் மாட்டி நடுவில் பொய்ப் பல்லைத் தாங்க வைப்பதென்றால், இரண்டு பக்கத்துப் பற்களைத் தேய்க்க வேண்டும். அவை ஏற்கெனவே பெரிய அடைப்போடு இருந்தால் சரி, புத்தம் புதுப் பற்களாக இருந்தால் எனக்கு மனசு வராது. தாடை எலும்பில் டைட்டானியம் திருகை இறக்கி அதன்மேல் பல் வைக்கும் இம்பிளான்ட் பக்கத்துப் பல்லைத் தொடாது. டைட்டானியம் எலும்போடு பிணைய மூன்றிலிருந்து ஆறு மாதம் பொறுக்க வேண்டும், சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், புகையை விட வேண்டும். கழற்றி மாட்டும் பல் செட் விலை குறைவு, பழக நாளாகும்.

பணம்தான் தடை என்றால் சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கம் தனியார் பல் கல்லூரி இருந்தால் அதன் ஓபியிலும் கட்டணம் வெளியே இருப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். மாணவர்கள் செய்வார்கள், ஆசிரியர் ஒவ்வொரு கட்டத்திலும் வந்து பார்ப்பார். ஒரு அடைப்புக்கு அரை நாள் ஆகும், புத்தகமோ சார்ஜரோ எடுத்துப் போங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், கர்ப்பமாக இருந்தாலும் சொல்லுங்கள். எழுதித் தரும் சீட்டில் பல் எண்ணைச் சரிபாருங்கள்: முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி என்பது, மேல் வலதில் 1 தொடங்கி மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4, இரண்டாவது இலக்கம் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது. எக்ஸ்ரே படத்தையும் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். என் 36க்கு நான்கு டாக்டர்கள் நான்கு தடவை முதலிலிருந்து படம் எடுத்தார்கள், பழைய படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை.